மலை தந்த மின்சாரம் – 17: செய்கூலியும் சேதாரமும்

காரமடையிலிருந்து வெள்ளியங்காடு தாண்டி மஞ்சூருக்கு ஏறும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே ஏறுகிறவர்கள் பாதி வழியில் கணக்கை விட்டுவிடுவார்கள். அதற்குள் வயிறு வேறொரு கணக்கைத் தொடங்கியிருக்கும். கெத்தை வரும்போது மட்டும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பதுண்டு. எதிர்ச் சரிவில் இரும்புக் குழாய்கள் மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே மூச்சில் இறங்குகின்றன. நமக்கு வளைந்து வளைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற உயரத்தை, அந்தக் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் சில நிமிடங்களில் இறங்கிவிடுகிறது.

அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி அருவியில் மின்சாரம் எடுத்ததையும், 1932-இல் பைக்காரா நீர் சிங்காராவில் சக்கரத்தைச் சுற்றியதையும் முந்தைய இதழ்களில் பார்த்தோம். இப்போது குந்தா. ஆனால் அணை எப்போது கட்டினார்கள், யார் திறந்துவைத்தார்கள் என்ற வரிசையில் இந்த முறை போகப்போவதில்லை. குந்தாவில் எனக்குப் பிடிபட்டது வேறொரு கதை: அந்தத் தண்ணீர் வழியில் எதையெல்லாம் இழக்கிறது என்ற கதை.

அதைத் தொடங்கிவைத்தவர் மஞ்சூரில் ஒரு டீக்கடையில் அறிமுகமான ஓய்வுபெற்ற ஆபரேட்டர். குந்தா மின் நிலையங்களில் மாறி மாறி முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவர்.

“டிசம்பர்ல அவலாஞ்சி பக்கம் நைட் ஷிப்ட்னா, வெளியில புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சிருக்கும் சார். உள்ள வந்தா பத்தே நிமிஷத்துல ஸ்வெட்டரைக் கழட்டிடுவோம். மெஷின் சூடுதான் எங்களுக்குக் கணப்பு.”

“அப்போ அந்தச் சூடெல்லாம் வேஸ்ட்தானே?” என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. “வேஸ்ட்னு சொல்லாதீங்க சார். லாஸ்னு சொல்லுங்க. வேஸ்ட்னா நாங்க விட்டது. லாஸ்னா அதுவா போனது.”

நகைக்கடைக்குப் போனவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே விளங்கும். ஒரு பவுன் தங்கத்தை உருக்கி, கம்பியாக இழுத்து, அராவி, பற்றவைத்து வளையல் ஆக்கினால், கொடுத்த தங்கம் முழுவதும் வளையலில் இருக்காது. கொஞ்சம் அரத்தில் ஒட்டும், கொஞ்சம் பட்டறைத் தரையில் சிந்தும். அதற்குப் பெயர் சேதாரம். சேதாரமே இல்லாமல் நகை செய்கிறேன் என்று சொல்கிற ஆசாரியை யாரும் நம்ப மாட்டார்கள். அதற்காகப் பில்லில் போட்டிருக்கும் சேதாரம் முழுவதும் அரத்தில் போனதுதான் என்று நம்புகிறவர்களும் குறைவு. தவிர்க்க முடியாதது எவ்வளவு, தலையில் கட்டியது எவ்வளவு என்பதில்தான் எல்லாப் பேரமும். மின்சாரத்தின் வரலாற்றில் பாதி இந்தப் பேரம்தான்.

முதலில் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950-இல் கொழும்பில் காமன்வெல்த் நாடுகள் கூடி உருவாக்கிய கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடாவின் உதவியோடு எழுந்தது குந்தா. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். 1957 ஜூலையில்தான் சென்னை மாநில மின்வாரியமே பிறந்தது. பிறந்த குழந்தையின் கையில் இவ்வளவு பெரிய வேலை. 1960–61-இல் முதல் இரண்டு நிலையங்கள் ஓடத் தொடங்கின. 60-களின் நடுவில் பரளியும் பில்லூரும் சேர்ந்தன. பின்னால் வந்த இயந்திரங்களையும் சேர்த்தால் ஆறு நிலையங்களில் 585 மெகாவாட்.

குந்தாவின் அழகு இந்த எண்ணில் இல்லை. மேல் பவானியின் தண்ணீர் ஒரு நிலையத்தைச் சுற்றிவிட்டு அவலாஞ்சி–எமரால்டு இரட்டை ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து சுரங்கம் வழியாகக் குந்தா பாலத்தில் முதல் நிலையம். அதை விட்டு வெளியேறியதும் ஒரு சிறு அணை பிடித்துக் கெத்தைக்கு அனுப்புகிறது. கெத்தை விட்டதைப் பரளி வாங்குகிறது. பரளி விட்டது பில்லூர் நீர்த்தேக்கத்தில். அங்கே இன்னொரு முறை சுற்றிவிட்டுத்தான் பவானியாகச் சமவெளிக்குப் போகிறது. கரும்பை ஒரே ஒரு தடவை ஆலையில் விட்டு எடுப்பவர் யார்? சக்கையை மடித்து மறுபடி விடுகிற கைதான் குந்தாவை வரைந்த பொறியாளர்களின் கை.

எமரால்டு ஏரியிலிருந்து பில்லூர் வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் அவ்வளவு உயரம் இறங்கினால், கணக்குப்படி நான்கு யூனிட் மின்சாரம் வர வேண்டும். வருவது ஏறக்குறைய மூன்றே கால், மூன்றரை. மீதி எங்கே?

குழாயிலிருந்து தொடங்கலாம். தண்ணீர் சுவரை உரசிக்கொண்டுதான் இறங்குகிறது. உரசலில் போகும் உயரத்தை மின்வாரியத்துக்காரர்கள் ‘ஹெட் லாஸ்’ என்பார்கள். வேகம் இரட்டித்தால் இந்த இழப்பு நாலு மடங்கு. அகலமான குழாய் போட்டால் தண்ணீர் மெதுவாக இறங்கும், இழப்பு குறையும். ஆனால் எஃகுக்குப் பணம் வேண்டும், அதை மலைச்சரிவில் ஏற்ற ஆள் வேண்டும். ஆக, குழாயின் விட்டத்தை முடிவு செய்த அன்றே, இவ்வளவு போனால் போகட்டும் என்று ஒருவர் எழுதிவைத்துவிட்டார்.

குழாயின் அடியில் இருக்கும் பெல்டன் சக்கரத்துக்கும் தங்கத்துக்கும் நேரடி உறவு உண்டு. லெஸ்டர் ஆலன் பெல்டன் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்து, தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போய், தங்கம் கிடைக்காமல் தச்சு வேலையும் சக்கர வேலையும் பார்த்தவர். சுரங்கங்களில் அப்போது இருந்த நீர்ச்சக்கரங்களில் தண்ணீர் தட்டையான கிண்ணத்தில் மோதி, வந்த வேகத்திலேயே நாலாபுறமும் சிதறும். பெல்டன் கிண்ணத்தை நடுவில் ஒரு முகட்டோடு இரட்டைக் கிண்ணமாக்கினார். பீய்ச்சும் நீர் முகட்டில் பிளந்து, இருபுறமும் வழுக்கி, திரும்பி வந்த திசைக்கே போகும். 1880-இல் காப்புரிமை. 1883-இல் கலிபோர்னியாவின் கிராஸ் வேலியில் ஒரு சுரங்கக் கம்பெனி சக்கரங்களுக்குப் போட்டி வைத்தது. பெல்டனுடையது 90.2 சதவீதம், அடுத்து வந்தது 76.5. ஒரு தச்சர் எட்டிய அந்தத் தொண்ணூறைத் தாண்டி, நூற்று நாற்பது வருடத்தில் உலகம் முன்னேறியது இரண்டு மூன்று சதவீதம்தான்.

ஏன் அதற்கு மேல் போகவில்லை? மஞ்சூர் பஸ்ஸின் பின் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கையிலிருக்கும் ஆரஞ்சுத் தோலை அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கமாக எறிகிறீர்கள். ரோட்டில் நிற்பவருக்கு அது முன்னும் போகாது பின்னும் போகாது. பொத்தென்று நேராக விழும். பெல்டன் சக்கரத்திலும் இதுதான் தந்திரம். கெத்தையில் ஏறத்தாழ 700 மீட்டர் இறங்கிய நீர் மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பீய்ச்சுகிறது. கிண்ணம் அதில் பாதி வேகத்தில் ஓடினால், பின்னோக்கி வழுக்கும் தண்ணீர் தன் வேகம் முழுவதையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு, செத்த பாம்பு போல அப்படியே கீழே விழ வேண்டும்.

இங்கேதான் சிக்கல். அது உண்மையிலேயே அங்கேயே விழுந்தால், பின்னால் வரும் கிண்ணம் அதன் மேல் மோதும். வெளியேறுகிற தண்ணீர் வழிவிட்டாக வேண்டும். வழிவிடக் கொஞ்சம் வேகம் வேண்டும். அதனால் கிண்ணத்தை முழுமையாக 180 டிகிரிக்குத் திருப்பாமல் 165 டிகிரி அளவோடு நிறுத்துகிறார்கள். தண்ணீர் ஓரமாக விலகிப் போகத் தேவையான வேகம் அதனிடமே விடப்படுகிறது. பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆளைப் போல. அந்த டிக்கெட் காசையும் பிடுங்கினால் ஆள் இடத்தை விட்டு நகர மாட்டார், சக்கரம் நின்றுவிடும்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா இயந்திரங்களும் பாதி புரிந்துவிடும். பிரான்சில் லசார் கார்னோ 1783-இல் எழுதிய இயந்திரங்கள் பற்றிய நூலில் நீர்ச்சக்கரத்துக்கு இலக்கணம் சொன்னார்: தண்ணீர் மோதாமல் நுழைய வேண்டும், வேகமில்லாமல் வெளியேற வேண்டும். இரண்டும் முழுமையாக நடக்காது என்பது அவருக்கும் தெரியும். அவருடைய மகன் சாடி கார்னோ, அப்பாவின் நீர்ச்சக்கரத்தை மனதில் வைத்துக்கொண்டு நீராவி இயந்திரத்தைப் பார்த்தார். 1824-இல், 28 வயதில், சொந்தச் செலவில் ஒரு சிறு புத்தகம் போட்டார். வெப்பமும் அருவி மாதிரிதான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு விழுகிறது, விழும்போது வேலை வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்பது எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது. புத்தகத்தைச் சீண்டுவாரில்லை. எட்டே வருடத்தில் காலராவில் இறந்துபோனார். அவர் நினைத்த மாதிரி வெப்பம் ஒரு திரவமல்ல என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அருவி உவமை பிழைத்துக்கொண்டது.

குந்தாவையும் நெய்வேலியையும் அந்த உவமையில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரு சாலை மாணாக்கர்கள். குந்தாவுக்குக் கனடா, நெய்வேலிக்கு சோவியத் நாடு. நெய்வேலி அனல் மின் நிலையத்தின் முதல் இயந்திரம் ஓடியது 1962-இல். குந்தாவில் தண்ணீரின் சக்தியில் எண்பது சதவீதத்துக்கு மேல் மின்சாரமாகிறது. அந்தக் காலத்துப் பழுப்பு நிலக்கரி நிலையத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினாலே பெரிது. நெய்வேலிக்காரர்கள் சோம்பேறிகளா?

நீராவி 530 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். வெப்பத்தின் உண்மையான தரைமட்டம் நம் பூஜ்யம் அல்ல; அதற்கும் 273 டிகிரி கீழே இருக்கிறது. அங்கிருந்து அளந்தால் நீராவி நிற்கும் உயரம் 803. அது கீழே விழ வேண்டிய இடம் குளிர்விக்கும் தண்ணீர். கடலூர் மாவட்டத்து வெயிலில் அது 37 டிகிரிக்குக் குறையாது என்றால், 310. எண்ணூற்று மூன்றில் 493 தான் இறங்க முடியும். அதாவது உரசலே இல்லாத, கசிவே இல்லாத, தேவலோகத்து இயந்திரத்தை நெய்வேலியில் வைத்தாலும் 61 சதவீதத்துக்கு மேல் வராது. எமரால்டு தண்ணீர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் நின்று 1,500 இறங்கிவிடுகிறது. நெய்வேலியின் வெப்பமோ ஒரு பெரிய பீடபூமியின் மேல் உள்ள குன்றிலிருந்து பீடபூமி வரைதான் இறங்க முடியும். பீடபூமியைத் தோண்டிக்கொண்டு கீழே போக வழியில்லை. நாம் வாழும் காற்றும் நீருமே அந்தப் பீடபூமி.

சரி, குந்தாவில் இழந்தது எங்கே போகிறது? இதற்கு ஒரு தேனிலவுக் கதை உண்டு. மான்செஸ்டரில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல், 1847-இல் திருமணம் முடித்து ஆல்ப்ஸ் மலைக்குப் போனார். அங்கே இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் தற்செயலாக அவரைச் சந்தித்தபோது, ஜூலின் கையில் நீளமான தெர்மாமீட்டர் இருந்ததாம். அருவியின் மேலும் கீழும் தண்ணீரின் சூட்டை அளக்கப் புறப்பட்டிருந்தாராம். தாம்சன் பிற்காலத்தில் சொன்ன கதை. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் ஜூலின் எண் உறுதியானது: தண்ணீர் ஏறத்தாழ 427 மீட்டர் சும்மா விழுந்தால் ஒரு டிகிரி செல்சியஸ் சூடாகும்.

எமரால்டு நீரை ஒரு வேலையும் வாங்காமல் பில்லூருக்கு உருட்டிவிட்டால், விழுந்த வீழ்ச்சியில் மட்டும் மூன்றரை டிகிரி சூடேறும். இடையில் சக்கரங்கள் இருப்பதால் அந்தச் சூட்டின் பெரும்பகுதி கம்பி வழியாகக் கோவைக்குப் போய்விடுகிறது. மீதி, ஏறத்தாழ அரை டிகிரி, தண்ணீரோடு தண்ணீராகப் பவானிக்குப் போகிறது. கையை வைத்தால் தெரியாது. கருவிக்குத் தெரியும். உயரமான மலை நிலையங்களில் சக்கரத்தின் திறனைச் சோதிக்கும் முறைகளில் ஒன்றே இதுதான்: குழாயில் நுழையும் தண்ணீருக்கும் சக்கரத்தை விட்டு வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பது. தண்ணீர் எவ்வளவு சூடாக வெளியேறுகிறதோ, சக்கரம் அவ்வளவு மோசம். ஜூலின் தெர்மாமீட்டர் இன்றும் வேலை செய்கிறது.

ஆபரேட்டரின் ஸ்வெட்டரைக் கழற்றவைத்த சூடு ஜெனரேட்டரிலிருந்து வந்தது. மனிதன் செய்த இயந்திரங்களிலேயே கைசுத்தமானவை இவை. நூற்றுக்கு இரண்டு, மூன்றுதான் போகும். ஆனால் கெத்தையில் ஒரு இயந்திரம் 35 மெகாவாட். அதில் இரண்டு சதவீதம் என்றால் 700 கிலோவாட். எழுநூறு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே அறையில் வைத்து ஓயாமல் சூடேற்றுவதற்குச் சமம். அந்தச் சூட்டை எடுத்துப்போகத் தனியாகக் குளிர்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன.

கோவையின் நகைப்பட்டறைத் தெருக்களில் விடியற்காலையில் சாக்கடை ஓரத்து மண்ணைக் கூட்டி அள்ளி, அலசி, பொடித் தங்கம் எடுத்துப் பிழைப்பவர்கள் உண்டு. தங்கத்தின் சேதாரம் அப்படிக் கொஞ்சமாவது திரும்பும். பவானியில் கலந்த அரை டிகிரியை எந்த முறம் கொண்டும் புடைத்து எடுக்க முடியாது. சக்தி அழியவில்லை; ஆனால் இருக்கிற இடம் தெரியாதபடி சிதறிவிட்டது. அதைத் திரும்பக் கூட்டிச் சேர்க்க, சேர்வதைவிட அதிகம் செலவாகும்.

இனி கம்பிக்கு வருவோம். குந்தாவிலிருந்து 230 கிலோவோல்ட் கம்பிகள் சமவெளிக்கு இறங்கின. அழுத்தம் ஏன் அவ்வளவு? ஒரே அளவு மின்சாரத்தை இரண்டு மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பாதியாகும், சூடாகிப் போவது கால்வாசியாகும். இன்னும் தடித்த கம்பி போட்டால் இன்னும் குறையும். எதுவரை தடிப்பது? ஆல்ப்ஸில் ஜூலைச் சந்தித்த அதே தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1881-இல் கணக்கு முடித்தார்: கம்பிக்குப் போட்ட பணத்தின் வருட வட்டியும், கம்பியில் வருடம் முழுக்கச் சூடாகிப் போகும் மின்சாரத்தின் விலையும் எங்கே சமமாகிறதோ, அதுவே சரியான தடிமன். அதற்கு மேல் இழப்பைக் குறைக்க முயன்றால் வரவைவிடச் செலவு கூடிவிடும். மின்கம்பியின் தடிமனை முடிவு செய்வதில் இயற்பியலுக்கு இருக்கும் அளவு பங்கு வட்டிக்கடைக் கணக்கிற்கும் உண்டு.

அந்தக் கம்பி போய்ச் சேர்ந்த இடங்களில் பஞ்சாலைகளைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். கிணறுகளைப் பற்றிச் சொல்லவில்லை. கோவை மாவட்டத்துக் கிணறுகளில் கவலை ஏற்றத்தை நிறுத்தி மோட்டார் வைப்பது பைக்காரா காலத்திலேயே தொடங்கியது. குந்தா வந்தபின் அது பெருக்கெடுத்தது. யோசித்தால் வேடிக்கைதான். மலையில் தண்ணீரை இறக்கி, அந்த பலத்தால் கீழே கிணற்றில் தண்ணீரை ஏற்றுகிறோம். நடுவில் இருப்பதெல்லாம் ஒரு நீண்ட கப்பிக் கயிறு. 1,500 மீட்டர் இறங்கும் ஆயிரம் லிட்டர், இழப்பே இல்லாவிட்டால், 30 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து ஐம்பதாயிரம் லிட்டரை ஏற்றியிருக்க வேண்டும்.

மலையில் நூற்றுக்கு 83 தேறியது என்று வைத்துக்கொள்வோம். கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும் தாண்டித் தோட்டத்துக்கு வரும்போது அதில் 85 சதவீதம். கடைசியில் மோட்டாரும் பம்பும். பழைய பம்பு செட், தேவைக்கு மீறிய மோட்டார், சின்னப் பைப்பு, இரண்டு மூன்று தடவை ரீவைண்டிங் செய்த சுருள்: சேர்ந்து 35 சதவீதம் தேறினால் அந்தக் காலத்தில் நல்ல செட். மூன்றையும் பெருக்குங்கள். நாலில் ஒரு பங்கு. ஐம்பதாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மலையில் கனடாக்காரர்களும் நம் பொறியாளர்களும் அரை சதவீதத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கீழே கடைசி நூறு அடியில் மூன்றில் இரண்டு பங்கு போவதைப் பற்றி நெடுங்காலம் யாரும் பதறவில்லை. விவசாயியைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. ஏறி இறங்குகிற வோல்டேஜில் சின்ன மோட்டார் எரிந்துபோகும் என்ற பயத்தில்தான் அவர் பெரிய மோட்டார் வாங்கினார். மலையில் இருப்பது சேதாரம். இதுதான் தலையில் கட்டியது.

குந்தாவிலேயே மின்சாரத்தோடு கைகோத்து இன்னொரு நெருப்பும் எரிகிறது. நீலகிரியின் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை 1962-இல் தொடங்கியது குந்தாவில்தான். சிறு விவசாயிகளின் பச்சை இலையை வாங்கித் தூளாக்குவது அதன் வேலை. தேயிலை ஆலையில் உருளைகளும் விசிறிகளும் மின்சாரத்தில் ஓடும். உலர்த்துவது விறகுச் சூட்டில். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். வித்தியாசம் அத்தனையும் தண்ணீர். வாட்டும் தொட்டியில் கொஞ்சம் போகும். மீதி ஏறக்குறைய இரண்டு கிலோ தண்ணீரை டிரையரில் ஆவியாக்க வேண்டும். அதற்குத் தேவையான வெப்பத்தை மட்டும் கணக்கிட்டால் அரைக் கிலோ விறகு போதும். மலை ஆலைகளில் ஒரு கிலோ தாண்டி எரிவது சாதாரணம்.

ஜூன் மாதத்தில் ஒரு ஆலையின் அடுப்பு வாயில் நின்று பார்த்தேன். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நேரம். திறந்த வெளியில் அடுக்கிய யூக்கலிப்டஸ் கட்டைகள் ஊறிப்போயிருந்தன. அடுப்புக்குள் தள்ளியதும் தீப்பிடிக்கவில்லை. முதலில் வெட்டு முனையில் நுரை கட்டியது. அப்புறம் சீறல், சாம்பல் நிறப் புகை. ஐந்தாறு நிமிடம் கழித்துத்தான் நாக்கு நீட்டியது நெருப்பு. இலையில் இருக்கும் தண்ணீரை விரட்ட வந்த விறகு, தன்னுள் இருக்கும் தண்ணீரை விரட்டுவதிலேயே பாதி வாழ்க்கையைக் கழிக்கிறது. “தகரம் போட்டு மூட்டி வெச்சா போதும்ணா, கால்வாசி கட்டை மிச்சம்,” என்றார் அடுப்புக்காரர், புகையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு. தகரம் ஏன் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. அது அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை.

அடுப்பில் தண்ணீர் செய்வதை அணையில் மண் செய்கிறது. குந்தா பாலத்து அணை சிறியது. மேலிருந்து வருவதை வாங்கிக் கெத்தைக்கு அனுப்பும் முன்தொட்டி. சரிவுகளில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு மண்ணைக் கிளறியபின், ஒவ்வொரு மழையிலும் சேறு இறங்கி அணையின் வயிற்றை நிரப்பியது. சேறு நிரம்பிய அணையில் மழைத்தண்ணீர் நிற்க இடமில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இப்படிக் கொட்டும்போது கதவைத் திறந்துவிடத்தான் வேண்டும். திறந்த தண்ணீர் குழாயில் இறங்காமல் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அதன் சக்தி முழுவதும் பாறையில் இரைச்சலாகி, ஜூல் சொன்ன சூடாகி முடிகிறது. தூர் வாருங்கள் என்று மலைக்காரர்கள் கேட்பது வெள்ள பயத்தால் மட்டுமல்ல.

கடைசியாக, வேண்டுமென்றே இழக்கும் ஒரு திட்டம். எமரால்டுக்கு மேலே, இருநூறு மீட்டருக்கும் அதிக உயரத்தில், போர்த்திமந்து ஏரி. இரண்டுக்கும் நடுவே காட்டுக்குப்பையில் மலையைக் குடைந்து குந்தா நீரேற்று மின் திட்டம் எழுகிறது. நாலு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 125 மெகாவாட். சொன்ன தேதிகள் பலமுறை தள்ளிப்போயின. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் எமரால்டு நீரை மேலே ஏற்றுவது. தட்டுப்பாடு வரும் நேரத்தில் அதே தண்ணீரை, அதே இயந்திரத்தைத் திருப்பிச் சுழலவிட்டு இறக்குவது. இப்படிப்பட்ட நிலையங்களில் ஏற்ற நூறு யூனிட் செலவழித்தால் இறக்கும்போது கிடைப்பது எழுபத்தைந்து, எண்பது. ஏறும்போதும் சேதாரம், இறங்கும்போதும் சேதாரம். பொதுக்கூட்டத்தில் சொன்னால் கை தட்டுவார்களா என்று தெரியவில்லை: ஆயிரக்கணக்கான கோடியில் ஒரு மின் நிலையம், அது தருவதைவிடத் தின்பது அதிகம்.

ஆனால் ஆடி மாதத்து நடுராத்திரி ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று வெறிபிடித்து அடிக்கும்போது அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஊரில் ஆளில்லை. நடுப்பகல் சூரிய மின்சாரத்துக்கும் அதே கதி. காற்றாலையை நிறுத்திவைத்தால் நூறும் போகும்.

ஆபரேட்டரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“நூத்துக்கு இருபத்தஞ்சு போகுதே?”

“அடகு வெச்சா வட்டி கட்டணும்ல சார். நகை பத்திரமா இருந்துச்சில்ல.”

ஆனைமலையில் இந்த வட்டிக் கணக்கை 1980-களின் கடைசியிலிருந்து எழுதிவரும் நிலையம் ஒன்று இருக்கிறது: வால்பாறைப் பாதைக்கு அருகே, மலைக்குள் ஒளிந்திருக்கும் கடம்பாறை. குந்தாவுக்கு முந்திக்கொண்ட அந்தத் தம்பியின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)